ஆல்ப்ஸில் ஒரே ஒரு மலைக்குத்தான் நேரம் இருக்கிறது, எதைத் தேர்ந்தெடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவிட்சர்லாந்துக்கு நாலைந்து நாள் பயணமாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நாளைத்தான் மலைக்கு ஒதுக்குகிறார்கள். யுங்ஃப்ராவ்யோக், டிட்லிஸ், பிலாட்டஸ், ரிகி, ஷில்ட்ஹார்ன், கோர்னர்கிராட் என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாப் படத்திலும் பனி, எல்லாப் படத்திலும் நீல வானம். முடிவெடுக்க முடியாமல் கடைசியில் ஏஜென்ட் சொன்னதற்கே தலையாட்டிவிடுகிறார்கள். இங்கேயே வசிப்பதால் சொந்தக்காரர்களும் அவர்களுடைய சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எந்த மலைக்குப் போகலாம்?

நீங்கள் இரவு தங்கும் ஊருக்குப் பக்கத்து மலைக்கு. அதிலும், அன்றைக்குக் காலையில் உச்சி தெளிவாகத் தெரிகிற மலைக்கு. உயரமும் பெயரும் அதற்கு அப்புறம்தான்.

லூசெர்னில் தங்கினால் பிலாட்டஸ், ரிகி, டிட்லிஸ், ஸ்டான்சர்ஹார்ன் நான்கும் கைக்கெட்டும் தூரம். இன்டர்லாக்கன் பக்கம் தங்கினால் யுங்ஃப்ராவ்யோக், ஷில்ட்ஹார்ன். ஜெர்மாட்டில் என்றால் கோர்னர்கிராட். சூரிச்சில் தங்குகிறவர்களும் லூசெர்ன் மலைகளையே எடுத்துக்கொள்ளலாம். ரயிலில் முக்கால் மணி நேரம் சொச்சம்தான்.

சூரிச்சிலிருந்து யுங்ஃப்ராவ்யோக் ஒரே நாளில் முடியாதா என்றால், முடியும். இன்டர்லாக்கனுக்கு 2 மணி நேரம், அங்கிருந்து மேலே இன்னும் ஒன்றரை மணி நேரம், திரும்பி வர அதே அளவு. ஆக 7 மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். மேலே அரை நாள்கூடத் தேறாது. ஓர் இரவு இன்டர்லாக்கனிலோ கிரின்டெல்வால்டிலோ தங்க முடிந்தால் அதே மலை வேறு அனுபவமாக இருக்கும்.

யுங்ஃப்ராவ்யோக்குக்கு அவ்வளவு பணம் கொடுப்பது தகுமா?

எந்தத் தள்ளுபடியும் இல்லாமல் இன்டர்லாக்கனிலிருந்து போய்வர ஒருவருக்கு 200 ஃபிராங்குக்கு மேல் ஆகும். நால்வர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டால் யாருக்கும் கை நடுங்கும். ஆனாலும் வானம் தெளிவாக இருக்கிற நாளில் தகும் என்றே சொல்வேன். காரணம் அங்கே இருக்கும் கடைகளோ பனிக் குகையோ இல்லை, அந்தத் தண்டவாளம்தான்.

சூரிச் தொழிலதிபர் அடால்ஃப் கையர்-செல்லர் தொடங்கிய வேலை அது. 1896ல் ஆரம்பித்தார்கள். 1899ல் அவர் இறந்துபோனார். தொழிலாளர்கள், பெரும்பாலும் இத்தாலியர்கள், ஐகர், மோன்ஷ் என்ற இரண்டு மலைகளின் வயிற்றைக் குடைந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் சுரங்கம் போட்டார்கள். சுவிட்சர்லாந்தின் தேசிய நாளான ஆகஸ்ட் 1 அன்று, 1912ல், முதல் ரயில் 3,454 மீட்டர் உயரத்தில் போய் நின்றது. இன்றைக்கும் ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதான். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த உயரம் மனதில் பிடிபடும்.

ஏறும்போது ஐஸ்மேர் என்ற இடத்தில் ரயில் சுரங்கத்துக்குள்ளேயே 5 நிமிடம் நிற்கும். பலர் இது வெறும் நிறுத்தம் என்று உட்கார்ந்தே இருந்துவிடுகிறார்கள். இறங்குங்கள். பாறையில் வெட்டிய ஜன்னல்கள் இருக்கும். அதன் கண்ணாடிக்கு அப்பால், மிக அருகில், பாளம் பாளமாக வெடித்து நீலம் தெரியும் பனியாறு. இறங்கும் ரயில்கள் இங்கே நிற்பதில்லை, அதனால் ஏறும்போதே பார்த்துவிட வேண்டும்.

உச்சியில் ஸ்ஃபின்க்ஸ் என்ற பார்வைத் தளத்துக்கு லிஃப்ட் உண்டு. அங்கிருந்து தெற்கே பார்த்தால் அலெட்ச் பனியாறு. ஆல்ப்ஸில் இதைவிட நீளமான பனியாறு கிடையாது. சுமார் 20 கிலோமீட்டர். ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஓடும் கறுப்புக் கோடுகள் சாலை மாதிரி தெரியும். பக்கத்து மலைகளிலிருந்து உருண்டு விழுந்த கற்களைப் பனி வரிசையாகச் சுமந்துகொண்டு நகர்வதால் உண்டானவை அவை. 2001ல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கூட்டத்தோடு கூட்டமாகப் படம் எடுத்து முடித்ததும், ஒரு ஓரமாக நின்று அந்தப் பனியாற்றைப் பத்து நிமிடம் பாருங்கள். கொடுத்த பணம் அதற்கும் சேர்த்துத்தான்.

மேகம் மூடிய நாளில் போனால் இதில் எதுவும் தெரியாது. வெள்ளைச் சுவர் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அப்படிப்பட்ட நாளில் தகாது.

ஐகர் எக்ஸ்பிரஸில் போவதா, பழைய ரயிலில் போவதா?

ஏறும்போது ஐகர் எக்ஸ்பிரஸ், இறங்கும்போது ரயில். ஐகர் எக்ஸ்பிரஸ் 2020 டிசம்பரில் வந்த பெரிய கேபிள் கார். கிரின்டெல்வால்ட் டெர்மினலிலிருந்து 15 நிமிடத்தில் ஐகர்கிளெட்ஷருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும், அங்கே சுரங்க ரயிலுக்கு மாறலாம். திரும்பும்போது கிளைனெ ஷைடெக், வெங்கன், லாட்டர்புருன்னன் வழியாக வந்தால் மாட்டு மணிச் சத்தத்தோடு புல்வெளிகள், மூன்று பெரிய சிகரங்கள், அருவி விழும் பள்ளத்தாக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கூடுதலாக ஆகும் நேரத்துக்கு வருத்தப்பட மாட்டீர்கள்.

டிட்லிஸிலும் பனிதானே, பிறகு என்ன வித்தியாசம்?

டிட்லிஸ் விளையாட்டுக்கு, யுங்ஃப்ராவ்யோக் பார்வைக்கு. என் அனுபவத்தில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் டிட்லிஸில்தான் அதிகம் சந்தோஷப்படுகிறார்கள்.

லூசெர்னிலிருந்து எங்கல்பெர்க்குக்கு ரயில் 43 நிமிடம். அங்கிருந்து கேபிள் கார். கடைசிக் கட்டத்தில் ஏறுவது ரோட்டேர். ஏறும்போதே மெல்லச் சுற்றும் கேபிள் கார் இது. 1992ல் வந்தபோது உலகில் வேறெங்கும் இப்படி ஒன்று இல்லை. ஜன்னல் பக்கம் இடம் பிடிக்க முண்டியடிக்க வேண்டாம், நின்ற இடத்திலேயே எல்லாத் திசையும் உங்கள் முன்னால் வந்துபோகும். மேல் நிலையம் 3,020 மீட்டரில் இருக்கிறது. பனிக் குகை, பனியில் சறுக்க ரப்பர் வளையங்கள், 2012ல் கட்டிய 100 மீட்டர் தொங்குபாலம் எல்லாம் அங்கே உண்டு. பாலத்தில் நடக்கத் தனிக் கட்டணம் இல்லை. செலவும் யுங்ஃப்ராவ்யோக்கில் ஆவதில் ஏறக்குறைய பாதிதான்.

வெயில் காலத்தில் போனால் பனியாற்றின் சில பகுதிகள் வெள்ளைப் போர்வையால் மூடியிருப்பதைக் காண்பீர்கள். உருகுவதைக் குறைக்க விரிக்கும் துணி அது. பார்க்கிறபோது மனது கனக்கும். பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.

திரும்பும்போது ட்ரூப்சே நிலையத்தில் இறங்கி, அங்கிருக்கும் ஏரியை ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். குழுவாக வருகிறவர்கள் பலர் அவசரத்தில் இந்த ஏரியைத் தவறவிடுகிறார்கள்.

பிலாட்டஸா, ரிகியா?

இரண்டிலும் கோடையில் பனி இருக்காது, முதலில் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பனியைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டும் வேண்டாம்.

ஊட்டி மலை ரயிலில் போன யாருக்கும் பிலாட்டஸைப் பரிந்துரைப்பேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் ரயில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிறதே, அந்த ஏற்பாட்டை வகுத்தவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர். நீராவி எஞ்சின்களைச் செய்து அனுப்பியதும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலைதான். நீலகிரியில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், அதாவது 8 சதவீதம் சொச்சம். பிலாட்டஸில் 48 சதவீதம்! உலகத்திலேயே செங்குத்தான பல்சக்கர ரயில், 1889லிருந்து ஓடுகிறது. அவ்வளவு செங்குத்தில் பல்சக்கரம் மேலிருந்து அழுத்தினால் பல்லை விட்டு எகிறிவிடும் என்பதால், எட்வர்ட் லோகர் என்ற பொறியாளர் இரண்டு சக்கரங்களைப் படுக்கவைத்து, நடுத்தண்டை இரு பக்கமிருந்தும் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி வடிவமைத்தார். அல்ப்னாக்ஷ்டாட் நிலையத்தில் தண்டவாளத்தின் நடுவே எட்டிப் பாருங்கள், இரு பக்கமும் பல் வெட்டிய தண்டு தெரியும்.

லூசெர்னிலிருந்து படகில் அல்ப்னாக்ஷ்டாட், அங்கிருந்து பல்சக்கர ரயிலில் உச்சி, மறுபக்கம் கேபிள் காரில் கிரீன்ஸ், பேருந்தில் மறுபடி லூசெர்ன். இந்தச் சுற்றுக்கு ஈடான ஒருநாள் பயணம் இந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் பல்சக்கர ரயில் சுமாராக மே முதல் நவம்பர் வரைதான் ஓடும். குளிர்காலத்தில் கேபிள் கார் மட்டும்.

ரிகி 1,798 மீட்டர்தான். அதனாலேயே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். 1871ல் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் ஓடியது இங்கேதான், நிக்லாஸ் ரிகன்பாக் அமைத்தது. வயதானவர்கள், கைக்குழந்தை, உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிட நிம்மதியான மலை கிடையாது. சுவிஸ் டிராவல் பாஸ் (ரயில், பேருந்து, படகு எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கும் பயண அட்டை) இருந்தால் இலவசம் வேறு. உச்சி நிலையத்தில் சிவப்பு ரயில், நீல ரயில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சிவப்பு, ஏரிக்கரையில் இருக்கும் ஃபிட்ஸ்னாவுக்கு; நீலம், ஆர்த்-கோல்டாவுக்கு. மாறி ஏறினாலும் பதற்றப்பட வேண்டாம், கோல்டாவிலிருந்தும் லூசெர்னுக்கு ரயில் இருக்கிறது. போகும்போது படகும் சிவப்பு ரயிலுமாகப் போங்கள்.

ஸ்டான்சர்ஹார்ன் என்று ஒன்றும் சொல்கிறார்களே?

மேல்தளம் திறந்த கேபிள் கார், 2012லிருந்து. காற்று முகத்தில் அடிக்க, தலைக்கு மேல் கம்பிகூட இல்லாமல் ஏறலாம். டிராவல் பாஸுக்கு இதுவும் இலவசம். குளிர்காலத்தில் மூடியிருக்கும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு நல்ல தேர்வு.

அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி, பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார். 3,000 மீட்டருக்கு மேல் அழைத்துப் போகலாமா?

பயணத்துக்கு முன்பே அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்களும் கட்டாயம் கேட்க வேண்டும். யுங்ஃப்ராவ்யோக் உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சென்னையில் வாழ்ந்த உடம்பு ஒன்றரை மணி நேரத்தில் அங்கே போய் நின்றால் லேசான தலைவலி, மூச்சிரைப்பு, தலைசுற்றல் வருவது சகஜம். மெதுவாக நடக்க வேண்டும், தண்ணீர் அடிக்கடி குடிக்க வேண்டும், படி ஏறும்போது நின்று நின்று ஏற வேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ வாந்தி வந்தாலோ அடுத்த வண்டியிலேயே கீழே இறங்கிவிடுங்கள். டிக்கெட் பணத்தை நினைத்துத் தாமதிக்காதீர்கள்.

முழங்காலைப் பொறுத்தவரை, யுங்ஃப்ராவ்யோக்கில் பெரும்பாலும் லிஃப்ட் இருக்கிறது. ஆனால் பனிக் குகையின் தரை வழுக்கும், கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பிலாட்டஸில் நிலையத்தை ஒட்டியே அகலமான மொட்டைமாடி, நாற்காலி போட்டு உட்காரலாம். ரிகியில் உச்சிக்கு நிலையத்திலிருந்து சின்ன ஏற்றம் ஒன்று உண்டு. ஏறாவிட்டாலும் காட்சிக்குக் குறைவில்லை. நான் என் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போவது ரிகிக்கும் பிலாட்டஸுக்கும்தான். 72 வயதில் பெருமைக்காக மூச்சுத் திணற வேண்டிய அவசியமே இல்லை.

கைக்குழந்தை இருக்கிறது.

2,000 மீட்டருக்குள் இருக்கும் மலையாக எடுத்துக்கொள்ளுங்கள். வேகமான கேபிள் காரில் காது அடைக்கும், பால் கொடுத்துக்கொண்டே போனால் அழுகை குறையும்.

மேலே தெளிவாக இருக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்குத்தான் நான் அதிகம் மெனக்கெடச் சொல்வேன். பயணத்தின் பாதி வெற்றி இதில் இருக்கிறது.

ஒவ்வொரு மலைக்கும் உச்சியில் நேரடிக் காமிரா உண்டு. அந்தந்த மலையின் இணையதளத்தில் காலை 6 மணிக்கே பார்க்கலாம். இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்திலும் திரையில் மேலே இருக்கும் நிலவரத்தைக் காட்டுவார்கள். டிக்கெட் கவுன்டருக்குப் போவதற்கு முன் அந்தத் திரையின் முன்னால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். முந்தைய இரவு மெத்தியோசுவிஸ் செயலியைப் பாருங்கள், சுவிஸ் அரசின் வானிலைத் துறை நடத்துவது.

கீழே இருக்கும் வானத்தை வைத்து மேலே இருப்பதை ஊகிக்கக் கூடாது. நவம்பர் முதல் ஜனவரி வரை பள்ளத்தாக்குகளில் பனிமூட்டம் நாள்கணக்கில் தங்கும். லூசெர்னில் சூரியனே தெரியாது. அதே நேரம் ரிகி உச்சியில் சுள்ளென்று வெயிலடிக்கும். காலுக்குக் கீழே வெள்ளைக் கடல், அதற்கு மேல் தீவுகளாக மலை முகடுகள். சுவிட்சர்லாந்தில் நான் பார்த்த காட்சிகளில் இதுவே உச்சம். வெளியே இருட்டாக இருக்கிறதே என்று ஓட்டலிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

கோடையில் கதை வேறு. விடியற்காலையில் பளிச்சென்று இருக்கும் சிகரத்தை, வெயில் ஏற ஏற மேகம் சூழ்ந்துகொள்ளும். மதியத்துக்கு மேல் இடிமழையும் வரலாம். ஆகவே காலை முதல் வண்டி, இல்லாவிட்டால் இரண்டாவது. பத்து மணிக்கு எழுந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மேகத்துக்குள்தான் போய்ச் சேருவீர்கள்.

தெற்கிலிருந்து ஃபோன் என்ற வெப்பக்காற்று வீசும் நாட்களில் காட்சி அபாரமாகத் தெளிவாக இருக்கும், ஆனால் காற்றின் வேகத்தால் கேபிள் கார்களை நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களில் பல்சக்கர ரயில் ஓடும் மலைகளே நம்பகமானவை.

அதனால்தான் இரண்டு மலைகளை மனதில் வைத்துக்கொண்டு, எந்த மலை என்பதைக் காலையில் முடிவு செய்யச் சொல்கிறேன். மாதக்கணக்கில் முன்னால் தேதி போட்டு டிக்கெட் வாங்கினால் இந்தச் சுதந்திரம் போய்விடும். கோடை நெரிசலில் யுங்ஃப்ராவ்யோக்குக்கு இருக்கை முன்பதிவு தேவைப்படும். அதையும் வானிலை ஓரளவு தெரிந்த பிறகு, ஓரிரு நாள் முன்னால் செய்யுங்கள்.

எந்த மாதம் நல்லது?

எல்லா ரயிலும் கேபிள் காரும் ஓடுவது ஜூன் முதல் அக்டோபர் வரை. தெளிவான வானத்துக்கு செப்டம்பர், அக்டோபர். ஏப்ரலிலும் நவம்பரிலும் பராமரிப்புக்காகச் சில கேபிள் கார்களை நாள்கணக்கில் மூடுவார்கள். பள்ளி விடுமுறையென்று ஏப்ரலில் வருகிறவர்கள் போகும் மலை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஓட்டல் போடுங்கள்.

சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கினால் எல்லா மலையும் இலவசமா?

இல்லை. ரிகியும் ஸ்டான்சர்ஹார்னும் இலவசம். பிலாட்டஸ், டிட்லிஸ், கோர்னர்கிராட்டுக்குப் பாதிக் கட்டணம். ஷில்ட்ஹார்ன் வழியில் மூரன் கிராமம் வரை இலவசம். யுங்ஃப்ராவ்யோக்குக்கு கிரின்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரை இலவசம், அதற்கு மேல் 25 சதவீதம்தான் தள்ளுபடி. ஊர் ஊராகச் சுற்றாமல் ஓரிடத்தில் தங்கி யுங்ஃப்ராவ்யோக் மட்டும் போகிறவர்கள் ஹாஃப் ஃபேர் கார்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதில் பாதி குறையும். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான இலவசக் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.

ஷில்ட்ஹார்னுக்கும் யுங்ஃப்ராவ்யோக்குக்கும் நடுவில் தடுமாறுகிறோம்.

யுங்ஃப்ராவ்யோக்கில் நீங்கள் பனிமலைக்குள் நிற்கிறீர்கள். ஷில்ட்ஹார்னில் எதிரே நின்று ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்றையும் ஒரே வரிசையில் முழுதாகப் பார்க்கிறீர்கள். உயரம் 2,970 மீட்டர். உச்சியில் சுழலும் உணவகம். செலவு குறைவு, கூட்டமும் குறைவு. வழியில் இருக்கும் மூரன், கார் போகாத கிராமம். மர வீடுகளுக்கு இடையில் நடந்தாலே மனம் நிறையும். படம் எடுப்பதில் ஆர்வம் உள்ளவர்களும் இரண்டாவது முறை வருகிறவர்களும் ஷில்ட்ஹார்னையே எடுங்கள்.

மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்த்துவிட்டு அன்றே சூரிச்சுக்குத் திரும்பலாமா?

ஜெர்மாட் வரைக்குமே 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்ப அதே அளவு. ஓர் இரவு தங்க முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.

தங்கினால், மறுநாள் காலை முதல் வண்டிகளில் ஒன்றில் கோர்னர்கிராட் போங்கள். 1898லிருந்து ஓடும் மின்சாரப் பல்சக்கர ரயில், 33 நிமிடத்தில் 3,089 மீட்டர். ஏறும்போது வலது பக்கம் உட்காருங்கள். இறங்கும்போது ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் ரிஃபெல்சே என்ற சின்ன ஏரி. காற்றில்லாத காலையில் 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன் தலைகீழாக அதில் நிற்கும். ஜூன் கடைசிக்கு முன் போனால் ஏரி உறைந்திருக்க வாய்ப்பு உண்டு.

நாங்கள் ஜெனீவாவில் தங்குகிறோம்.

எல்லை தாண்டி பிரான்ஸின் சாமொனிக்குப் போங்கள். எகுய் டு மிடி கேபிள் காரும் அதன் முடிவில் இருக்கும் லிஃப்டும் 3,842 மீட்டர் முகட்டுக்கு ஏற்றிவிடும், மோன் பிளாங் சிகரம் எதிரிலேயே நிற்கும். ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிஸ் பாஸ் அங்கே செல்லாது. 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஏற்றுவதில்லை.

புடவையில் போகலாமா?

போகலாம், உள்ளே கம்பளி லெகிங்ஸ் போட்டுக்கொண்டு. கொசுவம் பனியில் புரண்டு நனைந்தால் அடுத்த கால் மணி நேரத்தில் கணுக்கால் விறைக்கும், அதனால் சற்றே உயர்த்திக் கட்டுங்கள். செருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். பிடிமானமுள்ள ஷூ, சாக்ஸ், காதை மூடும் குல்லாய். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் 6 டிகிரிக்கு மேல் இறங்கும். கீழே 25 டிகிரி இருக்கும் ஜூலையிலும் 3,400 மீட்டரில் உறைநிலையை ஒட்டியே இருக்கும். கறுப்புக் கண்ணாடி அழகுக்காக இல்லை. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைத்து எரிச்சல் உண்டாக்கும். முகத்துக்கு சன்ஸ்கிரீனும் வேண்டும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

யுங்ஃப்ராவ்யோக்கிலேயே இந்திய உணவகம் இருக்கிறது. மற்ற இடங்களில் சீஸ், ரொட்டி, உருளைக்கிழங்கு கிடைக்கும். புளியோதரையோ சப்பாத்தியோ கட்டி எடுத்துக்கொண்டு போனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மஞ்சள் அலகுள்ள கறுப்புப் பறவைகள் பக்கத்தில் வந்து உட்காரும். அவற்றுக்குச் சோறு போடாதீர்கள்.

ஒரே நாளில் இரண்டு மலை?

வேண்டாம்.

காமிராவில் எல்லா மலையும் மூடியிருக்கிறது, நாளைக்குக் கிளம்புகிறோம். என்ன செய்வது?

இன்டர்லாக்கன் பக்கம் இருந்தால் ட்ரூம்மெல்பாக் அருவிக்குப் போங்கள். மலைக்குள்ளேயே பத்து அடுக்காக விழும் அருவி. ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் பனியாறுகளின் உருகுநீர் வினாடிக்கு 20,000 லிட்டர் வரை அதில் பாய்கிறது. இரைச்சல் நெஞ்சில் அதிரும். சுரங்க லிஃப்ட் உண்டு, பிறகு நிறையப் படிகள். குளிர்காலத்தில் மூடியிருக்கும், 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. லூசெர்னில் என்றால் போக்குவரத்து அருங்காட்சியகம். பிள்ளைகள் வெளியே வரவே மாட்டார்கள்.

மேலே எவ்வளவு நேரம் இருக்கலாம்?

யுங்ஃப்ராவ்யோக், டிட்லிஸ் மாதிரி உயரமான இடங்களில் இரண்டரை, மூன்று மணி நேரம் போதும். அதற்கு மேல் உடம்பு களைக்கும். ரிகியில் நாள் முழுக்க இருக்கலாம். எங்கே போனாலும், மேலே இறங்கியவுடன் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நிலையத்துப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில மலைகளில் அது மாலை 5 மணிக்கே போய்விடும்.